ஆறு மணி நேரமும் அறுபது டாலரும்

புத்தகக் கடையில் நின்றுகொண்டு நாவலைக் கையில் எடுத்து எடை பார்க்கிற வாசகரை நான் பல முறை பார்த்திருக்கிறேன். முதலில் அட்டையைப் பார்ப்பார். பிறகு பின்னால் திருப்பி விலையைப் பார்ப்பார். அதற்குப் பிறகு கடைசிப் பக்கத்தைப் புரட்டுவார். கதை எப்படி முடிகிறது என்று தெரிந்துகொள்வதற்காக அல்ல, பக்க எண்ணுக்காக. மனசுக்குள்ளே ஒரு வகுத்தல் கணக்கு நடக்கும். முந்நூறு ரூபாய்க்கு நூற்றிருபது பக்கம் என்றால் முகம் சுளிக்கும். அதே விலைக்கு ஐந்நூறு பக்கம் என்றால் முகம் மலரும். எழுதுகிறவனுக்கு இந்தக் காட்சி அவ்வளவு உவப்பானதல்ல. ஆனாலும் அந்த வாசகரை நான் குறை சொல்ல மாட்டேன். சுவைத்துப் பார்த்து வாங்க முடியாத சரக்கு புத்தகம். அதில் முன்கூட்டியே எண்ணிப் பார்க்கக் கூடியது பக்கம் ஒன்றுதான்.

வீடியோ கேம் ஆடுகிறவர்களிடமும் இதே கணக்கு உண்டு. அவர்கள் பக்கத்தை எண்ணுவதில்லை, மணியை எண்ணுகிறார்கள். எத்தனை மணி நேரம் ஓடும் என்பதே முதல் கேள்வி. இந்தக் கேள்வி மிகவும் உரக்கக் கேட்கப்பட்டது 2015 பிப்ரவரியில், 'தி ஆர்டர்: 1886' என்ற கேமைப் பற்றி. கலிபோர்னியாவில் இர்வைன் நகரத்திலிருந்த ரெடி அட் டான் என்ற நிறுவனம் அதைத் தயாரித்தது. சோனி கம்பெனி தன்னுடைய பிளேஸ்டேஷன் 4 இயந்திரத்துக்காக வெளியிட்டது. விலை 60 டாலர். அன்றைய மாற்று விகிதத்தில் நம்முடைய பணத்துக்குச் சுமார் 3,700 ரூபாய். கடைக்கு வருவதற்கு முன்பே யாரோ ஒருவர் முழு ஆட்டத்தையும் ஆடி யூட்யூபில் ஏற்றிவிட்டார். ஐந்து மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். அதிலும் கணிசமான பகுதி, ஆடுகிறவர் கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்க வேண்டிய காட்சி. ஐந்து மணிக்கு அறுபது டாலரா என்று பெரிய கூச்சல் கிளம்பிற்று. நிறுவனர்களில் ஒருவரான ரூ வீரசூரிய, நீளம் முக்கியமல்ல, தரமே முக்கியம் என்கிற பொருளில் பேட்டி கொடுத்தார். பிப்ரவரி 20ஆம் தேதி கேம் வெளிவந்தது. விமரிசகர்களின் மதிப்பெண்களைக் கூட்டிச் சராசரி போடும் மெட்டாக்ரிட்டிக் அதற்குக் கொடுத்தது நூற்றுக்கு 63. பள்ளிக்கூடத்தில் இது முதல் வகுப்பு. கேம் உலகத்தில் ஏறக்குறையத் தோல்வி.

இந்தக் கூச்சல் எல்லாம் அடங்கி வெகு காலத்துக்குப் பிறகுதான் அது என் கைக்கு வந்தது. என் தங்கை மகன் சென்னை ரிச்சி தெருவில் பழைய டிஸ்காக எழுநூறு ரூபாய்க்கு வாங்கி வந்தான். "நீங்க கதை எழுதறவர் மாமா, உங்களுக்குப் பிடிக்கும். சீக்கிரம் முடிஞ்சிடும், அது ஒண்ணுதான் குறை" என்றான். மூன்று மாலைகளில் முடித்தேன். அவன் விரல்களின் வேகம் என் விரல்களுக்கு இல்லையாகையால் எனக்கு ஏழு மணி நேரம் பிடித்தது. முடித்த பிறகு எனக்கும் ஏமாற்றந்தான். ஆனால் அவன் சொன்ன காரணத்துக்காக அல்ல.

நீளத்தை வைத்து விலையை அளப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பது பத்திரிகைத் தொடர்கதை எழுதிய எவருக்கும் தெரியும். வாரம் தோறும் இத்தனை பத்தி என்று கணக்கு வந்துவிட்டால், ஒரு பாத்திரம் மாடிப்படி ஏறி முடிக்கவே ஒரு அத்தியாயம் ஆகும். கேம்களிலும் அதேதான் நடந்திருக்கிறது. மணிக் கணக்குக்குப் பயந்த கம்பெனிகள் பிரும்மாண்டமான தேசப் படங்களை வரைந்து, அவற்றின் மீது நூற்றுக்கணக்கில் சில்லறை வேலைகளைத் தூவி வைக்கின்றன. 2020இல் வந்த 'அஸாஸின்ஸ் கிரீட்: வல்ஹல்லா'வின் பிரதான கதையை மட்டும் முடிப்பதற்கே ஐம்பது அறுபது மணி நேரம் வேண்டும். அதை முழுதும் ஆடி முடித்தவர்களில் பலர், பாதியிலேயே களைத்துப்போய்க் கடமைக்காக முடித்ததாகச் சொல்லக் கேட்டிருக்கிறேன். மணிக்கு இத்தனை காசு என்று பார்த்தால் அது கொள்ளை லாபம். நல்ல கச்சேரிக்குப் போய்விட்டு வருகிறவர், வித்வான் ராகத்தைப் பதினைந்தே நிமிஷம்தான் பாடினார், டிக்கெட்டில் பாதியைத் திருப்பிக் கொடுங்கள் என்று சபாவில் தகராறு செய்வதில்லை. மோசமாகப் பாடினால் அந்தப் பதினைந்து நிமிஷமே அதிகம் என்றுதான் முணுமுணுத்துக்கொண்டு வருவார். ஆகவே ஐந்து மணியா ஐம்பது மணியா என்ற சர்ச்சையில் வீரசூரியவின் கட்சிதான் நியாயம் என்று எனக்குப் படுகிறது. அந்த நியாயத்தை நிரூபிக்கிற கேமை அவருடைய நிறுவனம் எழுதவில்லை என்பதுதான் துரதிருஷ்டம்.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கேமில் வரும் லண்டன் நகரத்தைப் போல் அழகான ஒரு நகரத்தை நான் திரையில் பார்த்ததில்லை என்றே சொல்லலாம். ஈரம் படிந்த கற்கள் பாவிய தெரு, மூடுபனிக்குள் மஞ்சளாகக் கரைகிற விளக்கு, வைட்சேப்பல் சந்துகளின் அழுக்கு, அந்த அழுக்குக்கு மேலே சாம்பல் வானத்தில் மிதக்கிற ஆகாயக் கப்பல்கள். துணி துணியாகவே இருக்கிறது. இதற்காக அவர்கள் நிஜமான துணிகளை ஒரு கருவியில் வைத்து, வெளிச்சம் எந்தக் கோணத்தில் பட்டால் நூல் எப்படி மின்னுகிறது என்று பதிவு செய்து உபயோகப்படுத்தினார்கள். அந்த முறையை 2013இலேயே தொழில்நுட்ப மாநாட்டில் விளக்கியும் இருக்கிறார்கள். வீரர்களின் கோட்டுக் காலரைத் தடவிப் பார்க்கலாமா என்று கை நீளுகிறது. மீசைகளும் அப்படியே. விக்டோரியா காலத்து மீசைக்கு இவ்வளவு மரியாதை செய்த கலைஞர்கள் வேறு யாரும் இருக்க மாட்டார்கள்.

கதையின் அஸ்திவாரமும் நல்ல அஸ்திவாரம். ஆர்தர் அரசனுடைய வட்ட மேஜை வீரர்களின் சங்கம் கலைந்துபோகாமல் 1886 வரைக்கும் நீடித்திருந்தால் எப்படி இருக்கும் என்பது கற்பனை. 'கருநீர்' என்று ஒரு திரவம் இருக்கிறது. அதைக் குடித்தால் காயம் ஆறும், ஆயுள் நூற்றாண்டுக் கணக்கில் நீளும். மனிதனும் ஓநாயும் கலந்த ஒரு ஜாதியோடு இந்த வீரர்களுக்குத் தலைமுறை தலைமுறையாகச் சண்டை. கதாநாயகன் ஸர் கேலஹாட். அவனுக்குக் குருவாக மூத்த வீரர் பெர்ஸிவல், தோழியாக இக்ரெயின் சீமாட்டி. அமெரிக்க விடுதலைப் போரில் பெயர் பெற்ற லஃபாயெட் பிரபுவின் பெயரோடு உல்லாசமான பிரெஞ்சுக்காரர் ஒருவரும் உண்டு. ஆயுதங்கள் செய்து கொடுப்பவர் நிகோலா டெஸ்லா! நிஜமான டெஸ்லா 1884இலேயே அமெரிக்கா போய்விட்டவர்; 1886ஐ ஒட்டிய நாட்களில் அங்கே பிழைப்புக்காகப் பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தார். அவரை லண்டனுக்குக் கொண்டுவந்து ஒரு நிலவறையும் கொடுத்த நாவலாசிரியத் தனத்தை நான் ரசித்தேன்.

நம்மவர்கள் நிமிர்ந்து உட்கார வேண்டிய இடம் இதற்கு மேல்தான் வருகிறது. வாஸ்தவத்தில் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆட்சி 1858இல் முடிந்து, கம்பெனியே 1874இல் கலைக்கப்பட்டுவிட்டது. இந்தக் கதையில் 'ஐக்கிய இந்தியக் கம்பெனி' என்ற பெயரில் ஒன்று 1886இலும் செழித்துக்கொண்டிருக்கிறது. அதன் தலைவர் ஹேஸ்டிங்ஸ் பிரபு. இந்தப் பெயரைக் கேட்டதும் நமக்கு வாரன் ஹேஸ்டிங்ஸும், 1795 வரை ஏழு வருஷம் நடந்து விடுதலையில் முடிந்த அவருடைய விசாரணையும் நினைவுக்கு வராமல் இருக்காது. கேமில் வரும் ஹேஸ்டிங்ஸ் மனிதரே அல்ல, ரத்தக்காட்டேரி. தன் இனத்தைச் சேர்ந்த காட்டேரிகளைப் பெட்டிகளில் அடைத்துக் கம்பெனிக் கப்பல்களில் ஏற்றித் தூர தேசங்களுக்கு அனுப்பிக்கொண்டிருக்கிறார். கம்பெனி நம் ரத்தத்தை உறிஞ்சிற்று என்று சுதந்திரப் போராட்ட மேடைகளில் உவமையாகச் சொல்லி வந்ததை இவர்கள் உவம உருபை எறிந்துவிட்டுக் கதையாகவே ஆக்கிவிட்டார்கள். இதைக் கலிபோர்னியாக்காரர்கள் செய்தார்கள் என்பதில் எனக்கு உண்மையாகவே சந்தோஷம்.

இந்தக் கம்பெனியை எதிர்த்து லண்டனில் கலகக்காரர்களைத் திரட்டி வைத்திருப்பவள் யார் தெரியுமா? ஜான்ஸி ராணி லக்ஷ்மிபாய். சரித்திரத்தில் அவள் 1858 ஜூன் மாதம் குவாலியருக்குப் பக்கத்தில் போர்க்களத்தில் விழுந்தவள். கேமில் சாகாமல் தப்பி, சத்துருவின் தலைநகரத்துக்கே வந்து, தேவி என்ற துணைவியோடு மறைந்து வாழ்கிறாள். தமிழ் வீடுகளில் வாய்த் துடுக்கான பெண் குழந்தையை இன்னும் 'ஜான்ஸி ராணி' என்றுதான் அழைக்கிறோம். 1943இல் சிங்கப்பூரில் நேதாஜி பெண்களுக்கென்று ஒரு படைப்பிரிவு அமைத்தபோது அதற்கு அவள் பெயரைத்தான் வைத்தார். அதற்குத் தலைமை தாங்கியவர் சென்னையில் டாக்டருக்குப் படித்த காப்டன் லக்ஷ்மி. துப்பாக்கி ஏந்தி அதில் சேர்ந்த பெண்களில் பலர் மலேயாவின் ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிக்கொண்டிருந்த தமிழ்ப் பெண்கள். அப்படிப்பட்ட பெயர் திரையில் வந்தபோது நான் நாற்காலியின் விளிம்புக்கு வந்துவிட்டேன் என்பதை ஒளிப்பானேன்?

ஆனால், விளிம்புக்கு வந்தவன் அங்கேயே உட்கார்ந்திருக்க நேர்ந்தது. கேம் என்பது கதை கேட்கிற கலை அல்ல, கையால் செய்கிற கலை. நாவலில் கதாநாயகன் கதவைத் திறந்தான் என்று நான் எழுதினால் வாசகர் நம்பிக்கொள்ள வேண்டியதுதான். கேமில் கதவைத் திறப்பவர் வாசகரே. திறக்காமல் திரும்பிப் போவதும் அவர் இஷ்டம். நாவலாசிரியர்களுக்கு இல்லாத இந்தச் செல்வத்தை வைத்துக்கொண்டு 'தி ஆர்டர்' என்ன செய்கிறது? பெரும்பாலும் கதவை அதுவே திறந்துவிடுகிறது. நான் கொஞ்சம் நடக்கிறேன்; காட்சி வருகிறது. இன்னும் கொஞ்சம் நடக்கிறேன். மேலும் ஒரு காட்சி. சில அத்தியாயங்களில் நான் செய்ய வேண்டியது எதுவுமே இல்லை. மேஜை மேல் ஒரு புகைப்படம் இருக்கும். எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கலாம், ரொம்ப அழகாகத் திரும்பும். பிறகு வைத்துவிட வேண்டியதுதான். அதனால் எதுவும் தெரியவும் வராது, மாறவும் செய்யாது. மெழுகு உருளையில் பதிந்த பேச்சுகள் ஆங்காங்கே கிடைக்கின்றன. அவற்றைக் கேட்க வேண்டுமென்றால் ஆட்டத்தை நிறுத்திவிட்டுத் தனிப் பட்டியலுக்குள் போய் உட்கார வேண்டும்.

முக்கியமான சண்டைகளில் இன்னொரு தந்திரம். திரையில் ஒரு பொத்தானின் படம் மின்னும். உடனே அதை அழுத்த வேண்டும். அழுத்தினால் கேலஹாட் குத்துவான், தவறினால் சாவான், மறுபடி முதலிலிருந்து. இது புதிய வித்தை அல்ல. 1983இல் 'டிராகன்ஸ் லேர்' என்று ஓர் ஆட்டம் வந்தது. டான் பிளூத் வரைந்த சித்திரப் படம் ஓடிக்கொண்டிருக்கும், சரியான தருணத்தில் கோலைத் தள்ள வேண்டும். அமெரிக்க விளையாட்டுக் கூடங்களில் ஒரு தடவைக்கு 50 சென்ட் வாங்கினார்கள். முப்பத்திரண்டு வருஷம் கழித்து அதே வித்தைக்கு அறுபது டாலர் என்றால் யோசிக்க வேண்டியிருக்கிறது. நள்ளிரவில் தோட்டம் ஒன்றில் காவலாளிகளுக்குத் தெரியாமல் பதுங்கிப் போகிற பகுதி வருகிறது. பின்னாலிருந்து கத்தி வீச, மின்னுகிற பொத்தானைக் கண நேரம் பிசகாமல் தட்ட வேண்டும். பிசகினால் அவன் திரும்பி ஒரே குண்டில் கதையை முடித்துவிடுகிறான். பதுங்குவதில் உள்ள ருசி, எந்தப் புதரில் ஒளிவது, யாரை விட்டுவிடுவது என்று நாமே தீர்மானிப்பதில் இருக்கிறது. இங்கே அது தாளம் தட்டுகிற பரீட்சையாகிவிட்டது. ஓநாய் மனிதர்களோடு மோதுகிற சந்தர்ப்பங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். அவையும் ஒரே மாதிரி: ஓடி வரும், விலகுவோம், ஓடி மறையும், மறுபடி ஓடி வரும். மற்ற நேரமெல்லாம் தொப்பி வைத்த மனிதர்கள் பீப்பாய்களுக்குப் பின்னாலிருந்து சுடுகிறார்கள், நாமும் பீப்பாய்க்குப் பின்னாலிருந்து சுடுகிறோம். தெர்மைட் பொடியை மேகம் போல் தூவி அதில் நெருப்பு வைக்கிற துப்பாக்கி ஒன்றும், மின்னலைக் கக்குகிற டெஸ்லாவின் துப்பாக்கியும் அபாரமானவை. நல்ல பட்டாசைக் குழந்தைக்குக் காட்டிவிட்டு அலமாரியில் பூட்டுகிற மாதிரி அவற்றைச் சில நிமிஷங்களுக்கே கையில் தருகிறார்கள்.

இவ்வளவும் சில்லறைக் குறைகள். என்னை உண்மையில் உறுத்தியது வேறு. கதையின் முற்பாதியில் கேலஹாட் சங்கத்தின் விசுவாசமான வீரன். வைட்சேப்பல் தெருக்களில் கலகக்காரர்கள் எதிர்ப்படுகிறார்கள். அவர்களைச் சுட வேண்டும். நான் சுட்டேன். பத்துப் பேரா, ஐம்பது பேரா, எண்ணவில்லை. ஆகாயக் கப்பலிலும் சுட்டேன். பிறகு கேலஹாட் ராணியைச் சந்திக்கிறான். கம்பெனியின் கப்பல்துறைக்கு அவள் அவனை அழைத்துப் போகிறாள், பெட்டிகளுக்குள் இருப்பதை அவன் பார்க்கிறான். அந்தக் கணத்தில் எனக்குத் தெரியவருவது என்ன? நான் தெருத் தெருவாகச் சுட்டுத் தள்ளியவர்கள் ஜான்ஸி ராணியின் ஆட்கள். அவர்கள் பக்கம் நியாயம் இருந்தது. கொன்றவன் கேலஹாட் மட்டுமல்ல. பொத்தானை அழுத்தியது என் கட்டை விரல்.

ஒரு நாவலாசிரியன் தன் ஆயுள் முழுதும் தவம் கிடந்தாலும் கிடைக்காத சந்தர்ப்பம் இது. என் நாவலில் ஒருவன் தவறான கட்சிக்காக நூறு பேரைக் கொன்றால், வாசகர் அவனுக்காக வருந்துவார் அல்லது அவனை வெறுப்பார். தானே கொன்றதாக அவருக்குத் தோன்றாது, தோன்றவும் முடியாது. கேமில் முடியும். 'தி ஆர்டர்' என்ன செய்தது? கேலஹாட் புருவத்தை நெரித்தான். இரண்டு வாக்கியம் பேசினான். அதற்குப் பிறகு எனக்கு வேறு தொப்பி வைத்த மனிதர்களைக் கொடுத்து, இவர்கள் கம்பெனி ஆட்கள், இவர்களைச் சுடு என்றது. பீப்பாய்கள் அதே பீப்பாய்கள். சுடுகிற விதமும் அதே விதம். இறந்துபோன கலகக்காரனுடைய மனைவியை நான் சந்திக்கவில்லை. சுட்ட தெரு வழியாகத் திரும்ப நடக்கவில்லை. ராணி கூட என்னை எதற்கும் பொறுப்பாக்கவில்லை. அவளுக்கு அங்கே உள்ள உத்தியோகம், கதாநாயகனுக்கு ரகசியத்தை விளக்கிச் சொல்வது. ஜான்ஸியையும் 1857ஐயும் கடந்து வந்த பெண்ணுக்கு வழிகாட்டி வேலைதானா? அவள் ஏன் இங்கே வந்தாள், எதை இழந்தாள், வெள்ளைக்கார வீரன் ஒருவனை எப்படி நம்பினாள் என்பவையெல்லாம் வாயிற்படியோடு நின்றுவிடுகின்றன. பெயரை மட்டும் வாங்கிக்கொண்டு ஆளை வாசலிலேயே நிறுத்திவிட்டார்கள்.

முடியாததைக் கேட்கிறேன் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2013இல், இந்தக் கேமுக்கு இரண்டு வருஷம் முன்னால், ஸ்வீடன் தேசத்து ஸ்டார்ப்ரீஸ் நிறுவனத்திலிருந்து 'பிரதர்ஸ்' என்று ஒரு கேம் வந்தது. இயக்கியவர் யோசஃப் ஃபாரெஸ். அதற்கு முன் சினிமா எடுத்துக்கொண்டிருந்தவர். அண்ணன் தம்பி இருவர் நோயாளித் தகப்பனாருக்கு மருந்து தேடிப் போகிறார்கள். அண்ணனை இடது கையாலும் தம்பியை வலது கையாலும் ஒரே சமயத்தில் நடத்த வேண்டும். தாய் தண்ணீரில் மூழ்கி இறந்தவள், ஆகையால் தம்பிக்கு நீச்சல் என்றால் நடுக்கம். அண்ணன் முதுகைப் பிடித்துக்கொண்டுதான் ஆற்றைக் கடப்பான். கடைசியில் அண்ணன் இறந்துபோகிறான். தம்பி தனியாகத் திரும்புகிறான். குறுக்கே ஆறு. வலது கைப் பொத்தானை எத்தனை அழுத்தினாலும் அவன் இறங்க மாட்டேன் என்கிறான். இவ்வளவு நேரம் வேலையற்றுச் சும்மா கிடந்த இடது கை, இனி உபயோகமில்லை என்று நாம் மறந்துவிட்ட அண்ணனுடைய பொத்தான், தானாக அங்கே போகிறது. அழுத்தினால் தம்பி நீந்துகிறான். இதில் ஒரு வசனமும் இல்லை. அந்தக் கேமில் வருகிறவர்கள் பேசுவதே ஏதோ கற்பனைப் பாஷை. எனக்கு அழுகை வந்தது கண் வழியாக அல்ல, கை வழியாக. மூன்று மணி நேரத்துக்கு உட்பட்ட ஆட்டம். விலை 15 டாலர். 'தி ஆர்டர்' செலவிட்ட பணத்தில் ஒரு சிறு துண்டு கூட அதற்குச் செலவாகி இருக்காது. மீசைகளும் அவ்வளவு நன்றாக இல்லை.

'தி ஆர்டர்' முடிகிற விதத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் விலையைப் பற்றிய பேச்சில் அதற்குப் பங்கு உண்டு. இறுதிச் சண்டை, பொத்தான் மின்னுகிற கத்திச் சண்டை. முன்பே ஒரு முறை நடந்ததை ஏறக்குறைய அப்படியே திரும்ப நடத்துகிறார்கள். ஒரு துரோகி சாகிறான். பெரிய துரோகியான ஹேஸ்டிங்ஸ் சௌக்கியமாக இருக்கிறார். ராணியின் போராட்டம் என்னாயிற்று என்பதற்குப் பதில் இல்லை. கேலஹாட் உயரமான இடத்தில் நின்று நகரத்தைப் பார்க்கிறான், திரை அணைகிறது. மூன்று பாகமாக எழுத நினைத்த நாவலின் முதல் பாகத்தை, முதல் பாகம் என்று அட்டையில் போடாமல், முழு நாவலின் விலைக்கு விற்றார்கள் என்றுதான் இதைச் சொல்ல வேண்டும். தொடரும் என்று போட்டிருந்தாலாவது நாணயமாக இருந்திருக்கும். தொடரவும் இல்லை. இரண்டாம் பாகத்துக்கு யோசனை கொடுத்ததாகவும் சோனி அதை ஏற்கவில்லை என்றும் நிறுவனர்களில் மற்றொருவரான ஆண்ட்ரியா பெஸ்ஸீனோ பிற்பாடு சொன்னார். 2020இல் ஃபேஸ்புக் கம்பெனி ரெடி அட் டானை வாங்கிற்று. 2024 ஆகஸ்டில் அதை மூடியும் விட்டது. கையடக்க இயந்திரத்துக்கு 'காட் ஆஃப் வார்' கேம்கள் இரண்டை 2008லும் 2010லும் கச்சிதமாகச் செய்து கொடுத்தவர்கள் அவர்கள். கைவேலை தெரியாதவர்கள் அல்ல, கை தேர்ந்தவர்கள். அதனால்தான் வருத்தம் அதிகம். ஜான்ஸி ராணி இப்போது லண்டனில் ஏதோ ஒரு சந்தில், முடிவில்லாத கதைக்குள் நின்றுகொண்டிருக்கிறாள்.

சரி, விலைக்கு வருவோம். 60 டாலர் என்பது 2005, 2006 வாக்கில் அமெரிக்காவில் வழக்கமான விலை. 2020இல் புதிய இயந்திரங்கள் வந்தபோது பெரிய கேம்கள் 70 டாலருக்கு ஏறின. 2025இல் நின்டென்டோ தன் 'மாரியோ கார்ட் வேர்ல்ட்' கேமுக்கு 80 டாலர் போட்டது. அங்கே சம்பளம் வாங்குகிறவருக்கு அது வாரக் கடைசிச் செலவு. இங்கே மாதச் சம்பளக் குடும்பத்தில் அது மளிகைக் கணக்கோடு மோதுகிற தொகை. பையன் கேட்டதும் வாங்கிக் கொடுத்துவிட்டு, அவன் இரண்டே நாளில் முடித்துவிட்டேன் என்று வந்து நின்றால், தகப்பனார் கோபித்துக்கொள்வதை நான் மணிக்கணக்கு மனப்பான்மை என்று பரிகசிக்க மாட்டேன். ஒன்று மட்டும் அவரிடம் சொல்வேன்: எத்தனை மணி நேரம் ஆடினாய் என்று பையனைக் கேட்காதீர்கள். அதில் நீ என்ன செய்தாய் என்று கேளுங்கள். 'பிரதர்ஸ்' ஆடிய பையன் ஏதாவது சொல்லுவான், அல்லது சொல்ல முடியாமல் முகத்தைத் திருப்பிக்கொள்வான். 'தி ஆர்டர்' ஆடியவன், அங்கே என்னென்ன நடந்தது என்று சொல்லுவான்.

ஆகவே என் அபிப்பிராயம் இது. 2015இல் அறுபது டாலருக்கு இதை வாங்கியவர்கள் ஏமாந்தார்கள். ஆறு மணி நேரத்தில் முடிந்ததற்காக அல்ல, அந்த ஆறு மணியிலும் அவர்களுடைய கைக்குச் சொந்தமாக எதையும் கொடுக்காததற்காக. எழுநூறு ரூபாய்க்குத் தாராளமாக வாங்கலாம். லண்டனைப் பார்ப்பதற்கும், கம்பெனியை ரத்தக்காட்டேரி என்று பிறத்தியார் வாயால் கேட்பதற்கும் அந்தப் பணம் தகும். குடும்பத்தோடு ஒரு சினிமாவுக்குப் போய்ப் பாப்கார்ன் வாங்கினால் அதைவிடக் கூடத்தான் ஆகிறது. ஆனால் வாங்குகிறவர்கள் டிஸ்காகவே வாங்குங்கள். கம்பிவழியாக இறக்கிக்கொள்கிற பிரதியை முடித்த பிறகு யாருக்கும் விற்கவும் முடியாது, இரவல் கொடுக்கவும் முடியாது. என் தங்கை மகனுடைய டிஸ்க் இதுவரை நாலு வீடு போய் வந்திருக்கிறது. அந்தக் கணக்கில் தலைக்கு நூற்றைம்பது ரூபாய்க்கும் குறைவு.